முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்கு 12 வாரம்: ஓட்டம் வரும், நீச்சல் 50 மீட்டரோடு நின்றுவிடுகிறது

புதுத்துடுப்பு

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வயது 41. 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். இன்னும் 12 வாரத்தில் நடக்கவிருக்கும் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சல் ஏரியில் நடக்கும்.

ஓட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறேன். சிக்கல் தண்ணீரில்தான். 25 மீட்டர் குளத்தில் ஒருமுறை போய்த் திரும்பியதுமே சுவரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு படபடக்க நிற்கிறேன். பக்கத்து வரிசையில் என்னைவிட இருபது வயதாவது மூத்த ஒரு அம்மா நிற்காமல் போவதும் வருவதுமாக இருக்கிறார். அவருக்கு மூச்சே வாங்குவதில்லை. ஓடி ஓடிச் சேர்த்த தெம்பெல்லாம் தண்ணீரில் எங்கே போய்விடுகிறது என்றே புரியவில்லை.

12 வாரத்தில் 750 மீட்டர் நீந்துமளவுக்கு வர முடியுமா? வேறு சைக்கிள் வாங்க வேண்டுமா? வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும். அதற்கு மேல் வீட்டில் நியாயமாக இராது.

அலைமுகம்

தெம்பு எங்கும் போகவில்லை. நீங்கள் மூச்சை வெளியே விடுவதில்லை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நன்றாக ஓடுகிறவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான்.

முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள். பிறகு தலையைத் திருப்பும் ஒரு நொடிக்குள் பழைய காற்றை வெளியே தள்ளவும் வேண்டும், புதுக் காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாமல் பழைய காற்றில் பாதி உள்ளேயே தங்குகிறது. நாலைந்து முறை இப்படி நடந்தால் உடம்பில் கரியமில வாயு ஏறிவிடும். நெஞ்சை அடைப்பது போன்ற அந்தத் தவிப்பைக் கிளப்புவது அதுதான். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் இன்னும் வேகமாகக் கையை வீசுகிறீர்கள், தவிப்பும் கூடுகிறது.

இந்த வாரம் நீந்தவே வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நில்லுங்கள். முகத்தை உள்ளே வைத்து மூக்காலும் வாயாலும் மெல்ல ஊதுங்கள். குமிழிகள் இழையாக, ஒரே சீராக வர வேண்டும். கடைசிக் குமிழி போனதும் தலையைத் திருப்பினால் காற்று தானாக உள்ளே வரும், இழுக்கத் தேவையில்லை. இதை ஐம்பது முறை செய்யுங்கள். அடுத்து சுவரைக் காலால் தள்ளி ஆறு வீச்சு மட்டும் நீந்திவிட்டு எழுந்து நில்லுங்கள். ஆறு எளிதான பிறகு பத்து. சுவர் வரை போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தை முதலில் உடைக்க வேண்டும்.

இன்னொன்று கால். ஓடுகிறவர்களின் கணுக்கால் இறுகியிருக்கும். பாதம் பின்னால் நீளாமல் கொக்கிபோல் கீழே தொங்கும். அந்தப் பாதத்தால் எவ்வளவு அடித்தாலும் முன்னே போக மாட்டீர்கள், தொடை மட்டும் களைக்கும். தொடைத் தசை பெரியது, அதற்குத் தீனியும் அதிகம் வேண்டும். காலை மெல்ல ஆட்டினால் போதும். கால் அமிழ்ந்தால் காலைத் திருத்தாதீர்கள், தலையைத் திருத்துங்கள். எதிரே பார்க்காமல் நேர் கீழே தரையைப் பாருங்கள். தலை தாழ்ந்தால் இடுப்பு எழும்.

பக்கத்து வரிசை அம்மா செய்வதும் இவ்வளவுதான். நாளை அவர் முகத்தருகே வரும் குமிழிகளைக் கவனித்துப் பாருங்கள்.

சங்கிலிப்பல்

சைக்கிள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இருக்கிற சைக்கிள் போதும். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஹேண்டில்பாரின் முனைகளில் மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடி இல்லாத குழாய் முனை விழும்போது குத்தும் என்பதால் போட்டிக்கு முன் நடக்கும் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மலைச் சைக்கிள் என்றால் பல் பல்லான டயரைக் கழற்றி வழவழப்பான டயர் மாட்டுங்கள். 20 கிலோமீட்டரில் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த வரம்பு அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக் காற்றடியுங்கள். ஏறி உட்கார்ந்தால் டயர் நசுங்கும் அளவுக்கு விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் தேவையான சிறு வளைவு தானாக அமையும். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் சிக்னலில் கால் ஊன்ற வசதியாக சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். அப்படியே 20 கிலோமீட்டர் வேகமாகப் போனால் முழங்காலின் முன்புறம் வலிக்கும்.

கனமான கியரைப் போட்டு அழுத்தி மிதிக்காதீர்கள். நிமிடத்துக்கு 85 முதல் 90 சுற்று வரட்டும். வலது முழங்கால் மேலே வருவதைப் 15 நொடி எண்ணினால் 21, 22 வர வேண்டும். ஆரம்பத்தில் வெறும் காலை ஆட்டுவதுபோல் இருக்கும். இறங்கி ஓடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பஞ்சரான டியூபை மாற்றப் பழகுங்கள். வீட்டில் பின்சக்கரத்தைக் கழற்றி மூன்று முறை செய்து பார்த்தால் கை பழகிவிடும். புது டியூபை வைக்கும் முன் டயரின் உட்புறத்தைச் சுற்றி விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். என் முதல் போட்டியில் இதைச் செய்யாமல் விட்டேன். நகத்துண்டு அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு உள்ளேயே இருந்தது. நாலு நிமிடம் பாடுபட்டு மாட்டிய புது டியூபும் இருநூறு மீட்டரில் காற்றுப் போனது. மீதித் தூரத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முடித்தேன்.

எட்டாம் கல்

எல்லோரும் தட்டிக்கொடுக்கிறீர்கள். நான் எதிர்ப்பேச்சு பேச வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

50 மீட்டரில் நிற்கிறவர் 12 வாரத்தில் ஏரியில் 750 மீட்டர் நீந்துவது நடக்கக்கூடியதுதான். நடக்காமல் போனால் என்ன செய்வார் என்பதே என் கேள்வி. ஏரியில் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. அடியில் கோடு இல்லை. பக்கத்தில் நாற்பது பேர் கையும் காலும் வீசிக்கொண்டு வருவார்கள். பெயர் கொடுத்தாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எனக்கு முன்னால் போன ஒருவரைப் படகில் ஏற்றினார்கள். உதடு வெளுத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

டிரையத்லானில் நேரும் சாவுகளில் பெரும்பங்கு நீச்சலில்தான் நேர்கிறது. சைக்கிளில் விழுவதைவிட இது அதிகம். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையிலான போட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், உயிரிழப்பும் இதயத்துடிப்பு நின்றுபோனதுமாக 135 நிகழ்வுகள் பதிவாயின. அவற்றில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை.

அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஏரி எங்கும் போய்விடாது.

இரவுப்பணி செவிலி

எட்டாம் கல் அண்ணா சொன்ன ஆய்வை நானும் படித்தேன். அதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்கள், சராசரி வயது 47ஐ ஒட்டி. உடற்கூறு பரிசோதனை செய்யப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்திருக்கிறது, அது வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது. ஆகவே புதுத்துடுப்பு, உங்களுக்கு 41 வயது என்பதால் சொல்கிறேன், மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், ஈசிஜி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது எப்போதாவது நெஞ்சு இறுகியதா, தலை சுற்றியதா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். நன்றாக ஓடுகிறோமே, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம்.

அலைமுகம்

எட்டாம் கல் சொல்லும் ஆபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் முடிவை இன்றே எடுக்க வேண்டியதில்லை. போட்டிக்கு மூன்று வாரம் முன்பு எடுக்கலாம். இரண்டு நிபந்தனை: குளத்தில் 1000 மீட்டரை நிற்காமல், வேகம் பாராமல் நீந்தியிருக்க வேண்டும். திறந்த நீரில், காவலோடு, இரண்டு முறையாவது நீந்தியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் போட்டிக்குப் போக வேண்டாம். புதுத்துடுப்பு, இதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா?

எட்டாம் கல்

அந்த நிபந்தனை எழுத்தில் இருக்குமானால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.

புதுத்துடுப்பு

ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில்தான் சொல்கிறேன். ஈசிஜி எடுத்தாகிவிட்டது. மருத்துவர் பரவாயில்லை என்றார்.

இந்த வாரம் மூன்று நாளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஊதினேன். முதல் நாள் குமிழி கொத்தாக வெடித்து வந்தது. மூன்றாம் நாள் கடைசியில்தான் இழையாக வந்தது. காதுக்குள் அந்தச் சத்தம் கொதிக்கும் தண்ணீர்போல் கேட்டது, பிறகு அடங்கியது. அந்த அம்மாவிடமும் பேசினேன். "நான் நீந்தும்போது மூச்சு விடுவதை மட்டும்தான் நினைப்பேன், கை அதுபாட்டுக்குப் போகும்" என்றார்.

ஆறு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

விடியல்நடை

ஓட்டத்தைக் குறையுங்கள். உங்களுக்கு மனத்துக்கு ஒப்பாது, தெரியும். நன்றாக வருவதையே மேலும் மேலும் செய்வது நம் இயல்பு. ஆனால் உங்கள் ஓட்டம் 5 கிலோமீட்டருக்கு இப்போதே போதும். மூன்று நாள் நீச்சல், ஒவ்வொன்றும் 40 நிமிடம். குளத்துக்கு அடிக்கடி போவதுதான் பலன் தரும், வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் கிடப்பதில் அல்ல. ஒருநாள் ஒன்றேகால் மணி நேரம் சைக்கிள். ஒருநாள் ஒரு மணி நேரம் சைக்கிள், இறங்கியதும் பதினைந்து நிமிட ஓட்டம். ஒருநாள் தனியாக நாற்பது நிமிட ஓட்டம். ஒருநாள் முழு ஓய்வு, அதில் கை வைக்காதீர்கள்.

முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே பெரும்பகுதி போகட்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் குறைத்து உடம்பைத் தேற விடுங்கள். கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரத்தில் கூடுதலாகச் செய்யும் பயிற்சி எதுவும் போட்டிக்கு உதவாது.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் பயிற்சியை ஒருபோதும் விடாதீர்கள். இதை பிரிக் என்பார்கள். முதல்முறை இறங்கியதும் கால் உங்களுடையதாகவே இருக்காது. முழங்காலுக்குக் கீழே யாரோ வேறு காலைப் பொருத்தியதுபோல இருக்கும். வேகம் புரியாது, மெதுவாகப் போவதாக நினைத்து வழக்கத்தைவிட வேகமாக ஓடிவிடுவீர்கள். ஏழெட்டு முறை பழகினால் அந்த மயக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் தெளிந்துவிடும்.

புதுத்துடுப்பு

ஐந்தாம் வாரம். 400 மீட்டர் நிற்காமல் நீந்திவிட்டேன்! 200 வரை ஒவ்வொரு 25 மீட்டரும் ஒரு மலையாக இருந்தது. ஒருநாள் காலை திடீரென்று அந்தத் தவிப்பு வரவில்லை. எண்ணிக்கையே தவறிவிட்டது. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பத் தோன்றியது, திரும்பினேன்.

ஒரு சந்தேகம். ஃப்ரீஸ்டைலில் களைத்தால் ஏரியில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு (தவளை நீச்சல்) மாறலாமா? விதி அனுமதிக்குமா?

அலைமுகம்

எந்த நீச்சல் முறைக்கும் தடை இல்லை. மல்லாந்தும் மிதக்கலாம். வழிகாட்ட நிறுத்தியிருக்கும் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கவும் உலக டிரையத்லான் அமைப்பின் விதி இடம் தருகிறது, அதைப் பிடித்து இழுத்து முன்னேறக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்தி ஆட்டிக் கூப்பிடுங்கள். கூச்சப்படாதீர்கள், படகில் இருப்பவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

ஆனால் கூட்டத்தின் நடுவில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வேண்டாம். அகலமாக உதைக்கும் கால் பின்னால் வருபவரின் முகத்தில் படும். ஓரமாக விலகிக்கொண்டு மாறுங்கள்.

இப்போதே பழக வேண்டியது திசை பார்ப்பது. எட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலையைப்போல் கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பாருங்கள், அடுத்த வீச்சில் பக்கவாட்டில் மூச்செடுங்கள். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும். திசை பார்க்காதவர் 750 மீட்டர் போட்டியில் 900 நீந்திக் கரையேறுவார்.

எட்டாம் கல்

ஒரு பழைய செய்தி. நவீன டிரையத்லான் என்று சொல்லத்தக்க முதல் போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவின் மிஷன் பே பகுதியில் நடந்தது. நடத்தியது ஓர் ஓட்டக்காரர் சங்கம், 46 பேர் கலந்துகொண்டார்கள். அது ஓட்டத்தில் தொடங்கியது, நீச்சல் பின்னால்தான் வந்தது. பிற்பாடு நீச்சல் முன்னுக்கு வந்தது. களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்துதானே. 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதும் அதே வரிசைதான். உங்களுக்குக் கடினமானது முதலிலேயே வருகிறது என்று வருந்த வேண்டாம், தெம்போடு இறங்குகிறீர்கள்.

புதுத்துடுப்பு

ஏழாம் வாரம். நேற்று ஏரி. நல்ல செய்தி இல்லை.

நீச்சல் குழுவோடுதான் போனேன், படகும் இருந்தது. இடுப்பில் மிதவை கட்டியிருந்தேன். முப்பது மீட்டர் போனதும் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். பச்சை, வெறும் பச்சை. என் கையை நானே பார்க்க முடியவில்லை, முழங்கையோடு முடிந்துபோயிருந்தது. அந்த நொடியில் ஏழு வார மூச்சுப் பயிற்சி முழுவதும் பறந்துவிட்டது. தலையைத் தூக்கி நாய்போல் நீந்தினேன். நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. திரும்பி வந்து கரையில் உட்கார்ந்துவிட்டேன். குளத்தில் 800 மீட்டர் நீந்தும் ஆள் நான்.

எட்டாம் கல் அண்ணா சொன்னது சரிதானோ என்று இரவெல்லாம் யோசித்தேன்.

எட்டாம் கல்

தம்பி, நீங்கள் கரைக்குத் திரும்பியது சரியான முடிவு. ஆனால் அதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஏற்கவில்லை. என் முதல் நாளில் நான் இருபது மீட்டர்கூடப் போகவில்லை. அடுத்த வாரம் மறுபடி போங்கள். நீந்தப் போகாதீர்கள், மிதக்கப் போங்கள்.

அலைமுகம்

ஆமாம், மிதக்கத்தான் போக வேண்டும். குளிர்ந்த நீர் முகத்திலும் நெஞ்சிலும் பட்டதும் மூச்சு தானாகவே திக்கும், அது உடம்பின் இயற்கை. ஓரிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நீந்தத் தொடங்குகிறவர்தான் தவிக்கிறார். ஆகவே மெல்ல இறங்குங்கள். கழுத்துவரை நின்று முகத்தில் தண்ணீரை அள்ளி அடியுங்கள். முகத்தை உள்ளே வைத்து ஊதுங்கள், முதல் வாரம் செய்த அதே ஐம்பது. மூச்சு சீரானதும் ஆழத்துக்குப் போய் மல்லாந்து மிதந்து வானத்தைப் பாருங்கள். பயம் வந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். இதை ஐந்து முறை செய்யுங்கள்: பத்து வீச்சு நீந்துங்கள், மல்லாந்து படுங்கள், மறுபடி பத்து வீச்சு.

கீழே எதுவும் தெரியாது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். கண்ணைத் தண்ணீருக்குள் இருக்கும்போது மூடிக்கொள்ளவும் செய்யலாம். நானே அப்படித்தான் கலங்கல் நீரில் நீந்துவேன். திசை பார்க்கும்போது மட்டும் திறப்பேன்.

புதுத்துடுப்பு

மிதந்தேன். மறுநாளும் போய் மிதந்தேன். ஒன்பதாம் வாரத்தில் ஏரியில் 600 மீட்டர், நடுவில் மூன்று முறை மல்லாந்து. போன செவ்வாய்க்கிழமை குளத்தில் 1000 மீட்டர், 29 நிமிடம். நிபந்தனை நிறைவேறியது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எட்டாம் கல்

நிறைவேறியது. போய் வாருங்கள்.

மாற்றிடக்காரி

தாமதமாக இந்த இழைக்கு வந்தேன். யாரும் டிரான்சிஷனைப் பற்றி, அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. புதியவர்கள் அங்கேதான் நிமிடங்களை இழக்கிறார்கள், சிலர் போட்டியையே இழக்கிறார்கள்.

ஹெல்மெட் விதியை மனப்பாடம் செய்யுங்கள். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட்டின் தாடைப்பட்டை பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே அவிழ்க்கலாம். என் தோழி நல்ல நேரத்தில் வந்துகொண்டிருந்தவர், இறங்கிய வேகத்தில் பட்டையை அவிழ்த்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். தண்டனை கிடைத்தது. இரண்டு மாதம் அதையே சொல்லி அழுதார். ஏறும் கோட்டுக்கு அப்பால்தான் ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். காதில் பாட்டு கேட்கும் கருவிகள் கூடாது. சைக்கிளில் முன்னே போகிறவரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துப் போவதும் பெரும்பாலான போட்டிகளில் குற்றம். பொதுவாக 10 மீட்டர் இடைவெளி, கடப்பதென்றால் 20 நொடிக்குள் கடந்துவிட வேண்டும். உங்கள் போட்டியின் விதித்தாளை வரி விடாமல் படியுங்கள், முன்நாள் விளக்கக் கூட்டத்தையும் தவறவிடாதீர்கள்.

பொருள்களை அடுக்கும் முறை: சிறு துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் சைக்கிளுக்கு வேண்டியது முன்னால், ஓட்டத்துக்கு வேண்டியது பின்னால். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் ஹேண்டில்பாரில் மல்லாத்தி வையுங்கள், பட்டைகள் இருபுறமும் தொங்கட்டும், உள்ளே கண்ணாடி. ஒரே காலணியில் சைக்கிளும் ஓட்டமும் முடித்துவிடலாம், முதல் போட்டிக்கு அதுவே நல்லது. நாடாவுக்குப் பதில் ரப்பர்போல் நீளும் நாடா போடுங்கள், ஈரக் கையால் முடிச்சுப் போட வராது. எண் அட்டையை இடுப்புப் பட்டையில் குத்திவிட்டால் சைக்கிளில் முதுகுப் பக்கம், ஓட்டத்தில் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். சைக்கிளை இலகுவான கியரில் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு தண்ணீர் வெளியேறும் வழியிலிருந்து உங்கள் இடத்துக்கு நடந்து பாருங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை அடையாளம் வைக்காதீர்கள், அவர் உங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டால் அடையாளமும் போய்விடும். நகராத எதையாவது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மணல்திட்டு

நடுவில் ஒரு கேள்வி. வெட்சூட் (நீச்சலுக்கான ரப்பர் உடை) கட்டாயமா?

மாற்றிடக்காரி

நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. உலக டிரையத்லான் விதிப்படி இவ்வளவு குறுகிய நீச்சலில் 22 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அணியக் கூடாது. உள்ளூர்ப் போட்டிகள் வேறு வரம்பு வைக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அணிவதாக இருந்தால் அதை மாட்டி நீந்திப் பழகாமல் வராதீர்கள். நெஞ்சை இறுக்கும், புதியவர்களுக்கு அந்த இறுக்கமே பயத்தைக் கிளப்பும். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவுங்கள்.

புதுத்துடுப்பு

முடித்துவிட்டேன். 1 மணி 48 நிமிடம். கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

காலையில் வழக்கமாக உண்பதையே மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டேன். தண்ணீரில் இறங்கி ஐம்பது முறை ஊதினேன். பக்கத்தில் நின்றவர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன், அவரும் ஊதினார். சங்கு ஊதியதும் மற்றவர்களை விட்டு, பத்து நொடி எண்ணிவிட்டு, கடைசியாக, ஓரமாகப் புறப்பட்டேன். முதல் மிதவையைத் திரும்பும் இடத்தில் எல்லோரும் ஒரே புள்ளிக்கு நெருங்கினார்கள். யாருடைய குதிகாலோ என் நீச்சல் கண்ணாடியில் பட்டு இடதுபக்கம் தண்ணீர் நிறைந்தது. பழைய பயம் வயிற்றிலிருந்து எழுந்தது. மல்லாந்து படுத்தேன். வானம் வெளுத்திருந்தது. கண்ணாடியைத் தூக்கித் தண்ணீரை விட்டு மறுபடி அழுத்தினேன், மூச்சைப் பத்து எண்ணினேன். படகிலிருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலைக் காட்டினேன், தலையசைத்தார். திரும்பிப் படுத்து நீந்தினேன். 23 நிமிடத்தில் மணல் கையில் தட்டியது.

எழுந்து நின்றதும் தலை சுற்றியது, நடந்தே போனேன். என் வரிசை விளக்குக் கம்பத்துக்கு நேரே என்று பார்த்து வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. ஹெல்மெட், பட்டை, பிறகுதான் சைக்கிள். வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். சைக்கிளில் முதல் ஐந்து கிலோமீட்டர் மற்றவர்கள் என்னைக் கடந்துபோனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு 21, 22 எண்ணிக்கையிலேயே இருந்தேன். கடைசி ஐந்தில் அவர்களில் சிலரை நான் கடந்தேன்.

ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் அதே பொருத்திய கால். பிறகு என் கால் திரும்பி வந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டர் நான் இதுவரை ஓடிய ஓட்டங்களிலேயே மகிழ்ச்சியானது.

அந்த அம்மா வந்திருந்தார். முடிவுக் கோட்டில் துண்டு நீட்டினார்.

எட்டாம் கல்

தம்பி, படித்து முடித்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். வாழ்த்துகள். மிதவை அருகே மல்லாந்து படுத்தீர்களே, அதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

மணல்திட்டு

எனக்கு 54 வயது. தலையை வெளியே வைத்துப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மட்டும் நீந்துவேன், 300 மீட்டர் போகும், பிறகு கழுத்து பிடித்துக்கொள்கிறது. இப்படியே போட்டிக்குப் போகலாமா, இல்லை ஃப்ரீஸ்டைல் கற்க வேண்டுமா?

அலைமுகம்

முதலில் ஈசிஜி, இரவுப்பணி செவிலி மேலே எழுதியதை அப்படியே செய்யுங்கள். ஃப்ரீஸ்டைல் பிறகு வரட்டும், இப்போது கழுத்தைக் கவனிப்போம். கையை முன்னே நீட்டும்போது முகத்தையும் உள்ளே விட்டு ஊதுங்கள், கையை இழுக்கும்போது தோளோடு சேர்ந்து தலை தானாக எழும். அப்போது மூச்செடுங்கள். தாடையைத் தூக்காதீர்கள், உச்சந்தலை முன்னோக்கியே இருக்கட்டும். மூன்று முறை குளத்துக்குப் போய்விட்டு, 300 மீட்டரில் கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.